சொற்களுக்கும் சொந்த ஊர் உண்டு

சென்ற ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில், ஏழாம் வகுப்புக்குப் போகும் என் பேத்தி ஒரு படிவத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"தாத்தா, 'பிளேஸ் ஆஃப் பர்த்' என்ற இடத்தில் கல்யாண் என்று எழுதிவிட்டேன். அடுத்து 'நேட்டிவ் பிளேஸ்' என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கும் கல்யாண்தானே? இரண்டும் ஒன்றுதானே?"

அதற்குக் கீழே 'மதர் டங்', அதாவது தாய்மொழி, என்ற கட்டம் காலியாக இருந்தது. "இதை ஏன் கண்ணு விட்டுவிட்டாய்?" என்று கேட்டேன்.

"அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் மலையாளம் என்று இருக்கிறது. நாம் வீட்டில் பேசுவது தமிழ். எதை எழுதுவது தாத்தா?"

இந்தக் கேள்விக்குக் காரணமானவன் நான்தான். 1994-ல் என் மகனை ஒரு பள்ளியில் சேர்க்கப் போயிருந்தேன். "எந்த மாநிலம்?" என்று கேட்டார் எழுத்தர். "கேரளா" என்றேன். அவர் என்னைக் கேட்காமலே தாய்மொழி மலையாளம் என்று எழுதிவிட்டார். எனக்குப் பின்னால் நீண்ட வரிசை. அன்று மதியம் இரண்டு மணிக்குப் பாதையில் 'பிளாக்' எடுத்துச் செய்ய வேண்டிய வேலை வேறு இருந்தது. ஒரு சொல்தானே என்று பேசாமல் வந்துவிட்டேன். திருத்தக் கோரி ஒரு மனு எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை. இன்று என் மகனுக்கு மலையாளம் தெரியாது. தமிழையும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான்.

ஆகவே இந்த முறை அவசரப்படுவதில்லை என்று தீர்மானித்தேன். பேத்தியை உட்காரவைத்து, படிவத்தில் உள்ள சொற்களையும் அவற்றின் உறவுக்காரர்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். இரண்டு மாலைப் பொழுதுகள் ஆயின. அந்தப் பாடத்தையே வாசக அன்பர்களுக்கும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இங்கே தருகிறேன். நான் மொழிப் புலவன் அல்லன். டிப்ளமா படித்து, ரயில் பாதையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தவன். அகராதி பார்ப்பது என் பழைய பொழுதுபோக்கு.

1. நேட்டிவ்

லத்தீன் மொழியில் 'நாஸ்கி' என்றால் பிறத்தல். அதிலிருந்து வந்தது 'நேட்டிவ்'. 'நேஷன்', 'நேச்சர்' இரண்டும் அதே வயிற்றுப் பிள்ளைகள். சூதுவாது அறியாதவரைக் குறிக்கும் 'நையீவ்' என்ற சொல்லும் பிரெஞ்சு வழியாக வந்த இதன் உடன்பிறப்பே. பதினைந்தாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'நேட்டிவ்' என்றால் பிறப்பாலேயே பண்ணையடிமையானவன் என்றும் ஒரு பொருள் இருந்தது. பின்னாளில் வெள்ளையர் நம்மை அதே சொல்லால் இளக்காரமாக அழைத்தனர்.

வேரை மட்டும் பார்த்தால் என் பேத்தி சொன்னது சரி. நேட்டிவ் பிளேஸ் என்பது பிறந்த இடம்தான். ஆனால் இந்தியாவில் நாம் அந்தச் சொல்லை எடுத்து நமக்கேற்ற பொருளை ஏற்றிவிட்டோம். நம் பேச்சில் 'நேட்டிவ்' என்றால் பிள்ளை எந்த மருத்துவமனையில் பிறந்தது என்பதல்ல. பாட்டன் பூட்டன் இருந்த ஊர், குலதெய்வம் இருக்கிற ஊர் என்று பொருள். வேர் ஒரு சொல்லின் பிறப்பைச் சொல்லும். இன்றைய பொருளைத் தீர்மானிப்பது வழக்கு. இது முதல் பாடம்.

2. பிளேஸ், பிளாட்பாரம்

கிரேக்கத்தில் 'பிளாட்டூஸ்' என்றால் அகலமானது. அகலமான வீதிக்கு 'பிளாட்டேயா' என்று பெயர். அது லத்தீனுக்கும் பிரெஞ்சுக்கும் போய், ஆங்கிலத்தில் 'பிளேஸ்' ஆகிப் பொதுவாக எந்த இடத்தையும் குறிக்கத் தொடங்கியது. நாம் சாப்பிடும் 'பிளேட்டு', கடைவீதியில் உள்ள 'பிளாசா', நாம் வண்டிக்குக் காத்திருக்கும் 'பிளாட்பாரம்' எல்லாம் ஒரே குடும்பம். பிளாட்பாரம் பிரெஞ்சில் 'தட்டை வடிவம்' என்ற பொருளில் பிறந்த சொல். மும்பையில் காலை எட்டரை மணிக்கு நிற்பவர்களுக்கு அதன் அகலத்தைப் பற்றி வேறு அபிப்பிராயம் இருக்கலாம்!

3. ஸ்டேஷன், டெர்மினஸ்

'ஸ்டேஷன்' என்பது நிற்பதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. வடமொழியின் 'ஸ்தானம்' இதற்கு ஒன்றுவிட்ட சகோதரன். ராஜஸ்தானில் உள்ள 'ஸ்தான்' பாரசீக வழியில் வந்த மற்றொரு சகோதரன். தமிழில் 'நில்' என்பதிலிருந்து 'நிலை' வருகிறது. தேர் நிற்கும் இடம் தேர்நிலை. கோயம்புத்தூரில் தேர்நிலைத் திடல் என்றே ஓர் இடம் உண்டு. தேருக்கு நிலை, வண்டிக்கு ஸ்டேஷன், கருத்து ஒன்றுதான்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வேலந்தாவளம் என்று ஓர் ஊர். தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் இடையே போகிறவர்களுக்குத் தெரிந்த எல்லை ஊர். தாவளம் என்றால் தங்குமிடம். ரயில்வேயில் 'ஹால்ட்' என்கிறோமே, அதற்கு இதைவிடப் பொருத்தமான பழஞ்சொல் எனக்குத் தோன்றவில்லை.

படை தங்கிய இடத்துக்குத் தமிழில் பாளையம். படைமுகாமுக்கு லத்தீனில் 'காஸ்ட்ரா'. ரோமானியர் இங்கிலாந்தில் முகாமிட்ட இடங்கள் பிறகு '-செஸ்டர்' என்று முடியும் ஊர்களாயின. மான்செஸ்டர் அதில் ஒன்று. தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பெயர் வாங்கிய கோவையைச் சுற்றிலும் மேட்டுப்பாளையம், கவுண்டம்பாளையம் என்று பாளையங்களாகவே இருப்பதைக் கவனியுங்கள். யாரும் திட்டமிடாத பொருத்தம்.

'டெர்மினஸ்' என்பது ரோமானியரின் எல்லைக்கல். அந்தக் கல்லுக்கு ஒரு தெய்வமும் இருந்தது. அதன் பெயரும் டெர்மினஸ்தான். பிப்ரவரி 23-ம் தேதி நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் இருபுறமும் வந்து கல்லுக்கு மாலையிட்டுப் படையல் வைப்பார்கள். நம் கிராமத்து எல்லைச்சாமியை நினைத்துக்கொள்ளுங்கள். 1887-ல் விக்டோரியா டெர்மினஸ் என்று பெயரிடப்பட்டு, 1996-லும் 2017-லும் பெயர் மாறிய நமது பெரிய ஸ்டேஷனின் பெயரில் அந்த எல்லைச்சாமி இன்றும் குடியிருக்கிறார்.

டெர்மினஸ் முடிவா, தொடக்கமா? 1853 ஏப்ரல் 16-ம் தேதி இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு 34 கிலோமீட்டர் ஓடியது. அங்கே அது தொடக்கம். திரும்பி வருகிறவருக்கு அதுவே கடைசி. தமிழில் 'கடை' என்ற சொல்லும் இப்படித்தான். அது முடிவையும் குறிக்கும், வீட்டு வாசலையும் குறிக்கும். வாசல் உள்ளே இருப்பவனுக்கு வீட்டின் முடிவு. வெளியிலிருந்து வருபவனுக்குத் தொடக்கம்.

4. டவுன், வில்லேஜ், ஹோம்

'டவுன்' பழைய ஆங்கிலத்தில் 'தூன்'. வேலி அடைத்த இடம் என்று பொருள். ஜெர்மன் மொழியில் அதே சொல் இன்றும் வேலியைக் குறிக்கிறது. தமிழில் ஆடுமாடுகளை அடைக்கும் இடம் பட்டி. அதுவே ஊரின் பெயராகி உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி, கோவில்பட்டி என்று விரிந்தது. டவுனுக்காரர்கள் பட்டிக்காடு என்று கேலி செய்யும்போது சிரித்துக்கொள்ளுங்கள். இரண்டும் வேலிக்குள் பிறந்தவையே.

'வில்லேஜ்' பண்ணை வீட்டைக் குறிக்கும் 'வில்லா'விலிருந்து வந்தது. அந்தப் பண்ணையில் வேலை செய்தவன் 'வில்லானஸ்'. நகரத்துச் சீமான்கள் அவனை முரடன் என்றார்கள், பிறகு கெட்டவன் என்றார்கள். கடைசியில் அவன் நம் சினிமாவில் 'வில்லன்' ஆனான்! உழைக்கிற கிராமத்தானின் பெயரே வசைச்சொல்லான கதை இது.

'ஹோம்' பழைய ஆங்கிலத்தில் வீட்டையும் ஊரையும் சேர்த்தே குறித்தது. நாட்டிங்ஹாம், பர்மிங்ஹாம் என்ற ஊர்ப்பெயர்களின் கடைசியில் இருப்பது அதுதான். நம் 'வீடு' வேறு வழியில் வந்தது. அது 'விடு' என்ற வினையோடு சேர்ந்தது. விடுதலை, மோட்சம் என்ற பொருள்களும் அதற்கு உண்டு. செருப்பையும் சுமையையும் வெளியுலகக் கவலையையும் விடுகிற இடம் வீடு என்று பேத்திக்குச் சொன்னேன். "ஹோம்வொர்க்கை மட்டும் விடமுடியாது" என்றாள்.

5. ஒரிஜின், சோர்ஸ்

'ஒரிஜின்' என்பது எழுதல், உதித்தல் என்னும் பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. சூரியன் எழும் திசையாகிய 'ஓரியண்ட்' அதே வேர். சூரியன் விழும் திசை 'ஆக்ஸிடென்ட்' (மேற்கு, விபத்தல்ல!). 'சோர்ஸ்' என்பதும் மேலெழும்புவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததே. தமிழில் ஊறுவது ஊற்று. நீர் கிளம்பும் துளை ஊற்றுக்கண்.

இனித் தமிழ்த் திசைகளைப் பார்ப்போம். கிழக்கு 'கீழ்' என்பதிலிருந்தும், மேற்கு 'மேல்' என்பதிலிருந்தும் வந்தவை. தமிழ்நாட்டில் மேற்கே மலை, கிழக்கே கடல். ஆறுகள் மேற்கிலிருந்து கிழக்கே இறங்குகின்றன. நிலத்தின் சரிவைப் பார்த்து வைத்த பெயர்கள்.

ஆனால் என் ஊருக்கு வந்து பாருங்கள். பாலக்காட்டுக் கணவாயில், சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், கோயம்புத்தூர் மாவட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது எருத்தேன்பதி. அங்கே நீர் மேற்கு நோக்கித்தான் ஓடுகிறது. பாரதப்புழையில் சேர்ந்து பொன்னானியில் அரபிக்கடலை அடைகிறது. கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரம். பாலக்காடு 100 மீட்டருக்கும் குறைவு. மேற்கே போகிற ரயில் இறக்கத்தில் போகிறது. அதாவது எங்கள் மண்ணில் 'மேற்கு' பள்ளம், 'கிழக்கு' மேடு! சொல் ஒன்று சொல்கிறது, மட்டப்பலகை வேறொன்று சொல்கிறது. மலையாளத்தில்கூட, மலை இருக்கும் திசைக்குக் 'கிழக்கு' என்றே பெயர். மேற்கை மட்டும் ஞாயிறு படியும் திசை என்ற பொருளில் 'படிஞ்ஞாறு' என்கிறார்கள்.

இதன் பொருள் என்ன? கிழக்கு, மேற்கு என்ற சொற்கள் மலைக்கு அந்தப் புறத்தில், கிழக்கே சரியும் நிலத்தில் பிறந்தவை. பேசுகிறவர்களோடு கணவாயைக் கடந்து வந்தன. சரிவு மாறியும் சொல் மாறவில்லை. சொல்லும் குடிபெயர்கிறது, பிறந்த ஊரின் மேடுபள்ளத்தை மடியில் கட்டிக்கொண்டு போகிறது. புலம்பெயர்ந்த நமக்கு இதைவிட நெருங்கிய உறவு வேறு யார்?

6. கேபிடல்

லத்தீனில் 'காபுட்' என்றால் தலை. அதிலிருந்து வந்த 'கேபிடல்' இரண்டு பொருள் தரும். ஒன்று தலைநகர், மற்றொன்று வியாபார மூலதனம். தமிழில் முன்னதற்குத் 'தலை', பின்னதற்கு 'முதல்'. இந்த 'முதல்' எவ்வளவு சுமக்கிறது பாருங்கள்: தொடக்கம், வேர், காரணம், போட்ட பணம். 'சென்னை முதல் மும்பை வரை' என்று ரயில் அட்டவணையிலும் வந்து நிற்கிறது. கேபிடல் என்பதன் மற்றொரு கிளை ஆங்கிலத்தில் 'கேட்டில்', அதாவது கால்நடை. அக்காலத்தில் மாடுதானே மூலதனம்! தமிழிலும் 'மாடு' என்றால் செல்வம் என்ற பொருள் உண்டு; திருக்குறளில் அப்பொருளில் வருகிறது.

ஓர் எச்சரிக்கை

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால் உற்சாகம் மிகுந்துவிடும். சுமேரியாவில் 'ஊர்' என்று ஒரு பழைய நகரம் இருந்தது. உடனே அது தமிழ் ஊர்தான் என்று எழுதிவிடுகிறோம். பாதையைச் சோதிக்கும்போது நாங்கள் மூன்று பார்ப்போம்: தண்டவாள இடைவெளி, மட்டம், நேர்கோடு. ஒன்று தவறினாலும் வண்டியை வேகமாக விடமாட்டோம். சொல்லுக்கும் அப்படியே ஒலி, பொருள், பழைய எழுத்துச் சான்று மூன்றும் பொருந்த வேண்டும். ஒலி மட்டும் ஒத்தால் அது எதிர்ப்பாதையில் போகிற வண்டி; நம்முடையதல்ல. எங்கள் ஊர்ப்பெயரின் முன்பாதிக்கு ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கேட்க இனிமையாக இருக்கும். அவற்றை வரலாறு என்று நான் இங்கே எழுதப்போவதில்லை.

பின்பாதியாகிய 'பதி'யைப் பற்றி எழுதலாம். எருத்தேன்பதி, வடகரப்பதி, ஒழலப்பதி, வலியவள்ளம்பதி என்று எங்கள் பக்கத்து ஊர்கள் வரிசையாகப் பதியில் முடிகின்றன. கோவை மலையடிவாரத்து இருளர் குடியிருப்புகளையும் பதி என்றே சொல்வார்கள். சபாபதி, பசுபதி என்பவற்றில் வரும் பதி தலைவனைக் குறிக்கும் வடசொல். எங்கள் பதி அதுவல்ல. குடியிருப்பு, ஊர் என்ற பொருளுள்ள தமிழ்ச் சொல். 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் இவை தனித்தனிச் சொற்களாகவே உள்ளன.

பதிதல் என்ற வினையும் உண்டு. கால் மண்ணில் பதிகிறது. சொல் மனத்தில் பதிகிறது. அதிலிருந்து வந்த தோட்டக்காரர் சொல் 'பதியம்'. மல்லிகைக் கொடியை வளைத்து ஒரு கணுவை மண்ணுக்குள் புதைத்து வைப்பார்கள். தாய்க்கொடியின் சாறு ஊறிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கணு தனக்கென்று வேர் விடும். வேர் பிடித்தபின் வெட்டி எடுத்து வேறிடத்தில் நடுவார்கள். புதிய செடியில் பூப்பது அதே மல்லிகை. மண்தான் வேறு.

படிவத்தில் என்ன எழுதினோம்?

"சரி தாத்தா, அப்படியென்றால் நம் ஒரிஜின் எது?" என்று கேட்டாள். எங்கள் வீட்டுக் கதையைச் சொன்னேன்.

என் அப்பா 1928-ல் எருத்தேன்பதியில் பிறந்தார். சித்தூர் அப்போது கொச்சி சமஸ்தானம். 1949 ஜூலை 1-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. 1952-ல் என் அண்ணன் பிறந்தது அந்தத் திருவிதாங்கூர்-கொச்சியில். 1956 நவம்பர் 1-ல் கேரளம் பிறந்தது. 1960-ல் நான் பிறந்தது கேரளத்தில். மூவரும் பிறந்தது ஒரே வீட்டில், ஒரே அறையில். வீடு ஓரடிகூட நகரவில்லை. பெயர்ப்பலகைதான் இரண்டு முறை மாறியது. அந்த மூன்று காலத்திலும் அந்த அறையில் பிரசவம் பார்த்த பாட்டி பேசியது தமிழ். கேரளத்தின் 1969-ம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமே, தமிழ் பேசும் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதலாம் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. அரசு ஏற்றுக்கொண்ட ஒன்றை, வரிசை நீளமாக இருக்கிறது என்பதற்காக நான் விட்டுக்கொடுத்துவிட்டேன்.

கேட்டுக்கொண்டிருந்த பேத்தி பேனாவை எடுத்தாள். பிறந்த இடம்: கல்யாண். நேட்டிவ் பிளேஸ்: எருத்தேன்பதி, பாலக்காடு மாவட்டம், கேரளா. தாய்மொழி: தமிழ். "கேரளா என்று எழுதிவிட்டுத் தமிழ் என்று எழுதினால் டீச்சர் கேட்பார்களே?" என்றாள். "கேட்கட்டும் கண்ணு. கேட்டால் சொல்வதற்கு உன்னிடம் ஒரு கதை இருக்கிறது" என்றேன்.

மறுநாள் மாலை என் மகன் அலுவலகத்திலிருந்து வந்ததும் அவளுடைய படிவத்தை எடுத்துப் படித்தான். 'எருத்தேன்பதி' என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று மகளிடம் கேட்டான். அவள் எழுதிக் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமை நம் சங்கத் தமிழ் வகுப்புக்கு இப்போது இரண்டு பேரும் வருகிறார்கள்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி

1. உங்கள் தாத்தா பாட்டியின் ஊர்ப்பெயர் எதில் முடிகிறது? பட்டி, பாளையம், பதி, குடி, பாக்கம், ஊர் முதலியவற்றில் எது? அதன் பொருளை அகராதியில் பார்த்து எழுதுக.

2. 'முதல்' என்ற சொல்லை நான்கு வேறு பொருள்களில் வைத்து நான்கு வாக்கியங்கள் எழுதுக.

3. நீங்கள் இப்போது வசிக்கும் ஊரில் மழைநீர் எந்தத் திசையில் ஓடுகிறது? அங்கே 'மேற்கு' மேடா, பள்ளமா? நேரில் பார்த்து எழுதுக.

4. உங்கள் பள்ளிப் பதிவேட்டில் தாய்மொழி என்ன என்று எழுதியிருக்கிறது? பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். தவறாக இருந்தால் இந்த வாரமே திருத்தச் சொல்லுங்கள். முப்பது ஆண்டு காத்திருக்க வேண்டாம்.